வைஃபை ஃபுல்லா இருக்கு, ஆனா நெட் வரலையா? டெக்னீஷியனைக் கூப்பிடும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியவை!

இரவு எட்டரை மணி. கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். எல்லா விவரத்தையும் நிரப்பி, கட்டணம் செலுத்தும் பக்கத்துக்கு வந்துவிட்டாள் மகள். அங்கே வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. "அப்பா, நெட் போச்சு!" என்று ஒரு குரல். போனில் வைஃபை சிக்னல் முழுதாக இருக்கிறது; பக்கத்தில் மட்டும் குட்டியாக ஓர் ஆச்சரியக்குறி.

அப்பா எழுந்து போய் ரூட்டரைத் திருப்பிப் பார்க்கிறார். பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. 'ரீசெட்' என்று எழுதியிருக்கிறது. ஒரு ஊக்கை எடுத்து அழுத்துகிறார். பத்து நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டிய கோளாறு, அந்த ஓர் அழுத்தலில் மறுநாள் டெக்னீஷியன் வரும்வரை நீண்டுவிடுகிறது.

பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது. கொஞ்சம் நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தால், கோளாறு எங்கே இருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அவசர வேலை!

கடைசி நாள், கடைசி மணி என்றால் ரூட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். போனில் மொபைல் டேட்டாவை ஆன் செய்து, ஹாட்ஸ்பாட் மூலம் கம்ப்யூட்டருக்கு இணைப்பு கொடுத்து வேலையை முடித்துவிடுங்கள். பணம் கட்டும்போது நடுவில் நின்றுபோயிருந்தால், உடனே மறுபடி கட்டாதீர்கள். வங்கியிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறதா, விண்ணப்பத் தளத்தில் பணம் வந்ததாகக் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த முறை முயல வேண்டும்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு

ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வது ரீஸ்டார்ட். இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டு அரை நிமிடம் பொறுத்துப் போட வேண்டும். விளக்குகள் எல்லாம் நிலைக்கு வர இரண்டு, மூன்று நிமிடம் ஆகும். ஃபைபர் பெட்டி தனி, ரூட்டர் தனி என்று இரண்டு இருந்தால், முதலில் ஃபைபர் பெட்டியை ஆன் செய்து, அது நிலைக்கு வந்த பிறகு ரூட்டரைப் போடுங்கள்.

ஓட்டைக்குள் ஊக்கை விட்டு அழுத்துவதுதான் ரீசெட். கடையிலிருந்து வந்த நாளில் இருந்த நிலைக்கு அது ரூட்டரைக் கொண்டுபோய்விடும். நீங்கள் வைத்த வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துபோகும். இணைப்பு தரும் நிறுவனம் கொடுத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் அதற்குள் பதிவாகியிருந்தால் அவையும் போய்விடும். அவை கையில் இல்லாவிட்டால் மறுபடி இணைக்கவே முடியாது. எனவே ஊக்கு கடைசி ஆயுதம்தான்!

விளக்கு சொல்லும் சேதி

வைஃபையும் இன்டர்நெட்டும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். ரூட்டரிலிருந்து உங்கள் போன் வரை வருவது வைஃபை. தெருக்கம்பத்திலிருந்து ரூட்டர் வரை வருவது இன்டர்நெட். வீட்டுக்குள் குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, தெருவில் தண்ணீர் வரவில்லை என்பதைப் போலத்தான், சிக்னல் முழுதாக இருந்தும் நெட் வராமல் இருப்பது.

ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் 'பான்', 'லாஸ்' என்று இரண்டு விளக்குகள் இருக்கும். 'பான்' பச்சையாக, சிமிட்டாமல் எரிந்தால் வெளியிலிருந்து வரும் கேபிள் சரி. 'லாஸ்' சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ ஒளி சிக்னல் வந்து சேரவில்லை என்று அர்த்தம். பீரோவை நகர்த்தியதில் மெல்லிய ஃபைபர் கேபிள் மடங்கியிருக்கிறதா, முனை தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது சரியாக இருந்தால் தெருவில் எங்கோ அறுந்திருக்கலாம். புகார் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒன்றை மறக்கக்கூடாது: கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடியது.

எண் சொல்லும் உண்மை

விளக்குகள் எல்லாம் சரி, ஆனாலும் நெட் இல்லையா? அடுத்து பார்க்க வேண்டியது ஐ.பி. அட்ரஸ்.

தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் இருப்பதுபோல, உங்கள் வைஃபையில் சேரும் ஒவ்வொரு போன், டி.வி., கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் வேண்டும். அதை ரூட்டரே கொடுக்கிறது. 'இந்த எண்ணை இவ்வளவு நேரம் வைத்துக்கொள்' என்று தற்காலிகமாகக் கொடுத்து, பிறகு புதுப்பிக்கும். இந்த வேலைக்கு டி.ஹெச்.சி.பி. என்று பெயர்.

போனில் செட்டிங்ஸ் போய், வைஃபை பகுதியில் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் இந்த எண்ணைப் பார்க்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் இருக்கும். அங்கே என்ன எண் தெரிகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் பெரும்பாலும் ரூட்டர் ஒழுங்காக எண் கொடுத்திருக்கிறது. கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம்.

169.254 என்று தொடங்கினால், உங்கள் கம்ப்யூட்டர் எண் கேட்டும் ரூட்டர் பதில் சொல்லவில்லை. வேறு வழியில்லாமல் அதுவே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது. இந்த எண்ணோடு வெளியுலகத்துக்குப் போக முடியாது. ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கருவியில் 'ஃபர்கெட் நெட்வொர்க்' கொடுத்து, பாஸ்வேர்டைப் போட்டு மறுபடி சேருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

'ஐ.பி. அட்ரஸ் கான்ஃப்ளிக்ட்' என்று வந்தால், ஒரே கதவு எண் இரண்டு வீட்டுக்குப் போய்விட்டது. கேமராவுக்கோ பிரின்டருக்கோ யாராவது கையால் எண் போட்டு வைத்திருப்பார்கள். ரூட்டர் அது தெரியாமல் அதே எண்ணை ஒரு போனுக்குக் கொடுத்திருக்கும். இரண்டும் மாறி மாறித் தடுமாறும். கருவியில் கையால் போட்ட எண்ணை எடுத்துவிட்டு 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றினால் போதும்.

மாடிக்கு ஒரு ரூட்டர்... வந்தது வினை!

கீழ் வீட்டில் ஃபைபர் பெட்டி. மாடியில் சிக்னல் எட்டவில்லை என்று கடையில் இன்னொரு ரூட்டர் வாங்கி, கேபிள் இழுத்து இணைத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும். பிறகு, ஒரு போனில் வரும், இன்னொன்றில் வராது. காலையில் வரும், மாலையில் வராது.

காரணம், ஒரே வீட்டில் எண் கொடுக்க இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். இரண்டு ரூட்டர்களும் தனித்தனியாக எண்களை வாரி வழங்குகின்றன. போதாக்குறைக்கு இரண்டுக்குமே 192.168.1.1 என்ற ஒரே முகவரி இருந்தால் கேட்கவே வேண்டாம்!

தீர்வு சுலபம். மாடி ரூட்டரின் செட்டிங்ஸில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் எண் கொடுக்கும் வேலையைக் கீழ் ரூட்டரிடம் விட்டுவிட்டு, அது சிக்னல் பரப்பும் வேலையை மட்டும் செய்யும். அந்த வசதி இல்லாத ரூட்டர் என்றால் டி.ஹெச்.சி.பி.யை அணைத்துவிட்டு, அதன் முகவரியை 192.168.1.2 என்பதுபோல மாற்றிவிட வேண்டும். அந்த எண் வேறு கருவிக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் வருகிறது, வெப்சைட் வரவில்லை

சில நேரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆப் மட்டும் வேலை செய்யும். பிரவுசரில் எந்தத் தளமும் திறக்காது. இது டி.என்.எஸ். கோளாறாக இருக்கலாம். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டெலிபோன் டைரக்டரிதான் டி.என்.எஸ். இணைப்பு நிறுவனத்தின் டைரக்டரி திணறினால், கூகுளின் 8.8.8.8 அல்லது கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 என்பதை நெட்வொர்க் செட்டிங்ஸில் போட்டுப் பார்க்கலாம். இரண்டும் இலவசம்தான்.

ஒரே ஒரு தளம் மட்டும் வரவில்லை என்றால், தவறு உங்கள் வீட்டில் இல்லாமலும் இருக்கலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. நிறுவனத்தின் உள்ளே பராமரிப்பு வேலையில் நேர்ந்த ஒரு பிழைதான் காரணம். தங்கள் ரூட்டரை அன்று எத்தனை முறை அணைத்துப் போட்டிருந்தாலும் பலன் இருந்திருக்காது. எனவே, முதலில் வேறு ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள்.

ரூட்டருக்கும் ஒரு பூட்டு

எண்ணைப் பார்க்க ரூட்டர் செட்டிங்ஸுக்குள் போகிறீர்களா? அப்படியே அதன் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடித்தேடிப் பிடித்தது. உரிமையாளருக்கே தெரியாமல் அவற்றைக் கொண்டு பெரிய தளங்களையே முடக்கினார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நெட் இல்லை என்ற பதற்றத்தில் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் கலந்திருக்கும். பில்லில் அல்லது நிறுவனத்தின் ஆப்பில் இருக்கும் எண்ணையே அழையுங்கள். 'உங்கள் போனில் ஒரு ஆப் போடுங்க, ஓ.டி.பி. சொல்லுங்க' என்று யாராவது கேட்டால் உடனே போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

ஒரு துண்டுச்சீட்டு போதும்

நெட் நன்றாக இருக்கும் ஒரு நாளில் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு சீட்டில் வாடிக்கையாளர் எண், நிறுவனத்தின் புகார் எண், இணைப்புக்கான யூசர்நேம் ஆகியவற்றை எழுதி, ரூட்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பாஸ்வேர்டுகளை மட்டும் வீட்டுப் பத்திரங்களோடு தனியாக வையுங்கள். நல்ல நிலையில் விளக்குகள் எப்படி எரிகின்றன என்று போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சீட்டின் அடியில், பெரிய எழுத்தில் இன்னொரு வரியும் எழுதலாம்: 'ஊக்கைத் தொடாதே!' வீட்டில் யார் முதலில் ரூட்டரிடம் ஓடுவார்களோ, அவர்கள் கண்ணில் படும்படி அது இருக்கட்டும்.