பெல்ட் வண்டிகளில் என்ஜினுக்கேற்ற எடையமைப்பு

எருதின் பலமறிந்து பாரம் ஏற்றுவது குடியானவர் யாவரும் அறிந்த முறையாகும். என்ஜினுக்கும் இம்முறையே பொருந்தும். அமெரிக்காவில் காட்டுப் பாதைகளில் உல்லாசப் பிரயாணத்திற்கும், ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து தேசங்களில் ஆட்டு மந்தைகளை ஓட்டுவதற்கும் உபயோகமாகும் ஏ.டி.வி. என்னும் நான்கு சக்கர வண்டிகள் பலவற்றில், வேகத்திற்குத் தக்கபடி இழுவையை மாற்றும் வேலையை இரண்டு கப்பிகளும் ஒரு ரப்பர் பெல்ட்டும் செய்கின்றன. ஹாலந்து தேசத்து டாஃப் கம்பெனியார் 1958-ல் வெளியிட்ட சிறு காரிலும் இவ்வகை அமைப்பே இருந்தது. நம் நாட்டில் ஓடும் கியரில்லாத ஸ்கூட்டர்களிலும் இதே தத்துவம் அமைந்துள்ளது.

ஒவ்வொரு கப்பியும் சரிவான இரு தட்டுகளால் ஆனது. என்ஜினை ஒட்டிய முன் கப்பியில் சில எடைகளும் ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. சுழற்சி மிகுந்தால் எடைகள் வெளிப்புறம் விலகித் தட்டுகளை நெருக்கும்; பெல்ட் மேலேறும்; வண்டியின் வேகம் கூடும். ஸ்பிரிங் இதை எதிர்த்து நிற்கும். பின் கப்பியின் ஸ்பிரிங், மேட்டில் பாரம் மிகும்போது பெல்ட்டைப் பழைய நிலைக்குத் திருப்பி, இழுவையைக் கூட்டும்.

என்ஜின் தன் முழுச் சக்தியைத் தரும் சுழற்சியிலேயே அதை நிறுத்தி வைப்பதுதான் இவ்வமைப்பின் நோக்கம். உதாரணமாக, ஓர் என்ஜின் நிமிஷத்திற்கு 6,500 சுற்றில் முழுச் சக்தி தருவதாகக் கொள்க. முழுதும் முடுக்கியும் 6,000 சுற்றுக்குமேல் ஏறாவிடில் எடை அதிகம். அதைக் குறைத்தல் வேண்டும். 7,000 சுற்றைத் தாண்டினால் எடை போதாது; கூட்டுதல் வேண்டும்.

ஆகையால் பெரிய என்ஜினுக்குரிய எடைகளைச் சிறிய என்ஜினில் பொருத்தினால், பெல்ட் அகாலத்தில் மேலேறி, என்ஜின் திணறி, மேட்டில் வண்டி நின்றுவிடும். சிறியதற்குரிய இலேசான எடைகளைப் பெரியதில் பொருத்தினாலோ, என்ஜின் வீணே சுழலும். தட்டுகளின் பிடி போதாமல் பெல்ட் வழுக்கிச் சூடேறிக் கருகும். பெல்ட் அறுந்தால் காட்டின் நடுவில் வண்டி பயனற்றுப்போகும்.

இடமும் டயரும் கவனிக்கத்தக்கவை. கடல் மட்டத்திற்குமேல் ஒவ்வோர் 1,000 அடிக்கும் சாதாரண என்ஜின் சுமார் 3 சதவிகிதம் சக்தியை இழக்கும். எனவே 5,000 அடி உயர மலைநாட்டில் ஓடும் வண்டிக்குச் சமவெளியில் பொருத்திய எடை ஒவ்வாது, இலேசானதே ஏற்றது. பெரிய டயர் மாட்டினாலும் என்ஜினுக்குப் பாரம் கூடுவதால் எடையைக் குறைக்க நேரும்.

சரிபார்க்கும் முறை பின்வருமாறு:

1. முழுச் சக்திக்குரிய சுழற்சியை, வண்டி செய்தோர் தந்த புத்தகத்தில் கண்டறிக.

2. சிறிது தூரம் ஓட்டி, பெல்ட் சூடேறிய பின்னரே சுழற்சியை அளந்தறிக.

3. எடை, ஸ்பிரிங் இரண்டையும் ஒருங்கே மாற்றலாகாது. ஒன்றை மாற்றி, ஓட்டிப் பார்த்தபின் மற்றொன்றைத் தொடுக. இல்லாவிடில் பலன் எதனால் விளைந்ததென அறிய இயலாது.

4. என்ஜின் ஓடுகையில் கப்பி மூடியைத் திறத்தல் கூடாது. விரல் துண்டிக்கப்படும் அபாயமுண்டு.

5. பெரும்பாரம் இழுக்கையிலும், மெதுவாக மேடேறுகையிலும் தாழ்ந்த கியரையே உபயோகிக்க. பெல்ட் நெடுநாள் உழைக்கும்.

புது உறுப்புகளுக்குப் பணம் செலவிடுமுன், உள்ள எடை அந்த என்ஜினுக்கு ஏற்றதுதானா என்று பார்த்தல் நலம். பல வண்டிகளில் குறை என்ஜினில் இல்லை. அதற்கேற்காத எடையிலேயே உள்ளது.