ஜிக்குக்கு எந்த டிரெய்லர்?

ஜிக்னா ஈயத் தலை, முள்ளு, சுத்தி ரப்பர் குஞ்சம். அந்த முள்ளுல கூடுதலா மாட்டுற மெத்தான பிளாஸ்டிக்தான் டிரெய்லர். அமெரிக்காவுல பாஸ் மீன் பிடிக்கப் புதுசா வர்றவங்க கலர் பார்த்து வாங்குறாங்க. நான் முதல்ல பார்க்கிறது, அது எவ்வளவு ஆடுதுன்னுதான்.

ஜிக் கீழே இறங்கும்போதே பல தடவை மீன் கடிச்சிடும். பெரிய கொடுக்கு வச்ச கிரேஃபிஷ் வடிவம் தண்ணியைத் தள்ளும். ஜிக் மெதுவா இறங்கும். கோடைக்கு அது சரி. தண்ணி 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போச்சுன்னா பாஸ் சோம்பிடும், துரத்தி வராது. அப்போ அதிகம் ஆடாத, கட்டையான டிரெய்லர் போடுங்க. (முன்னாடி இதுக்குப் பன்றித்தோல்தான்!)

இன்னும் கடிக்கலையா? உடனே ஜிக்கை மாத்தாதீங்க. கொடுக்கைக் கொஞ்சம் கத்தரிச்சுட்டு, அதே இடத்துல மறுபடி போட்டுப் பாருங்க.