தெரியவில்லை என்றால் இல்லை என்று பொருளா?

சைக்கிள் டியூபுக்குள் அடிக்கும் காற்று ஏன் திரும்பி வருவதில்லை? வால்வின் மேலுள்ள சிறு ரப்பர் குழாயை உள்ளிருக்கும் காற்றே அழுத்தி வழியை அடைத்துவிடுகிறது. நம் உடலிலும் இத்தகைய அமைப்பு ஒன்று உண்டு. சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர் நாளம், சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாக நுழைகிறது. பை நிரம்பும்போது நாளம் அழுந்தி மூடிக்கொள்கிறது.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தச் சாய்வுப் பகுதி குட்டையாக இருக்கும். அப்போது சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும். இதுவே சிறுநீர்ப் பின்னோட்டம். லேசானது பெரும்பாலும் வயது ஏற ஏறத் தானே சரியாகிவிடும். ஆனால் சிறுநீரோடு பாக்டீரியாவும் ஏறினால் காய்ச்சல் வரும். சிறுநீரகத்தில் தழும்பு விழலாம். அதனால் பிற்காலத்தில் இரத்த அழுத்தம் உயரவும் கூடும்.

எளாவூரில் ஒரு குழந்தைக்கு இப்படிக் காய்ச்சல் வருகிறது; பெற்றோர் மின்சார ரயிலேறிச் சென்னை மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் எந்தப் படத்தை நம்புவார்?

முதலாவது, மீயொலிப் படம். வலியில்லை, கதிர்வீச்சும் இல்லை. சிறுநீரகத்தின் வீக்கத்தை இது காட்டும். ஆனால் பின்னோட்டமோ வந்து வந்து போவது. ஆகவே, அது உள்ள பல குழந்தைகளுக்கும் இப்படம் குறையின்றியே தோன்றும்.

இரண்டாவது, எக்ஸ்-கதிர்ப் படம். மெல்லிய குழாய் வழியே பையில் ஒரு திரவத்தை நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போதே படமெடுப்பார்கள். திரவம் ஏறும் உயரத்தையும் நாளம் விரியும் அளவையும் கொண்டு பின்னோட்டத்தை 5 தரங்களாகப் பிரிக்கலாம். ஆனால் குழாய் செருகுவது குழந்தைக்கு வேதனை; கதிர்வீச்சும் உண்டு. படமெடுக்காத நொடியில் சிறுநீர் ஏறி இறங்கினால் இதுவும் ஏமாந்துவிடும்.

மூன்றாவது, டெக்னீசியம்-99எம் என்னும் கதிரியக்கப் பொருளைப் பையில் செலுத்திக் காமா கேமராவால் தொடர்ந்து கவனிப்பது. விட்டுவிட்டு நிகழும் பின்னோட்டமும் இதில் அகப்படும். ஆனால் உறுப்பின் வடிவம் தெளிவாகத் தெரியாது.

ஒரு சோதனையின் துல்லியத்தை அறிய இரண்டு கேள்விகள் வேண்டும். நோயுள்ள 100 பேரில் எத்தனை பேரை அது கண்டுபிடிக்கிறது? நோயில்லாத 100 பேரில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது? ஒன்றுக்கு மட்டும் விடை தெரிந்தால் போதாது.

இந்தியக் குழந்தைகள் சிறுநீரகவியல் சங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் படிப்படியாகவே செல்கிறது. முதல் தொற்றுக்குப் பின் மீயொலிப் படம். அதில் குறை தெரிந்தாலோ, தொற்று மீண்டும் வந்தாலோ எக்ஸ்-கதிர்ப் படம்.

மாணவர்களே! உங்கள் வீட்டுச் சிறு குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் கண்டால், சிறுநீரையும் சோதிக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். எந்தப் படமும் அந்த எளிய சோதனைக்குப் பிறகுதான்.