ஏறினானா, ஏறினாளா, ஏறியாச்சா?

போன எபிசோட் கேட்டுட்டு ஒருத்தர் எழுதியிருந்தாங்க: "ஆண், பெண்னு பிரிக்காம தமிழ்ல எழுதுறது சுலபம்தானே? எல்லா இடத்துலயும் 'அவர்'னு போட்டா முடிஞ்சது." நானும் அப்படித்தான் நினைச்சேன்.

என் முதல் வேலையில் ஒரு ஸ்கூல் பஸ் ஆப் செய்தோம். பிள்ளை பஸ்ஸில் ஏறி கார்டைக் காட்டினதும் வீட்டுக்கு மெசேஜ் போகும். அந்த டெம்ப்ளேட்டை எழுதியது நான்தான். "அன்புள்ள தந்தையே, உங்கள் மகன் பஸ்ஸில் ஏறிவிட்டான்." டேட்டாபேஸில் 'பெண்' என்று இருந்தால் மகள், ஏறிவிட்டாள். காலியாக இருந்தால்? மகன். அந்த டீஃபால்ட்டும் என் கைவண்ணம்தான், யாரும் கேட்கல.

மூணாவது வாரம் ஒரு பதில் வந்தது. "இவ அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆச்சு. தினமும் காலைல இதை நான்தான் படிக்கிறேன். எனக்கு இருக்கிறது பொண்ணு." அவ்வளவுதான். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாகூடப் பரவாயில்லன்னு இருந்துச்சு.

முதல்ல "தந்தையே"வைத் தூக்கினோம். "பெற்றோர்"னு மாத்தலாம்னா, நிறைய வீட்ல பதிவான நம்பர் தாத்தா, பாட்டியோடது. "பாதுகாவலர்" படிவ வாசனை அடிச்சுது. கடைசியில் வெறும் "வணக்கம்" போதும்னு ஆயிடுச்சு.

வினைச்சொல்தான் படுத்தி எடுத்தது. ஆங்கிலத்துல ஹீ, ஷீயை மட்டும் பார்த்துக்கிட்டா பெரும்பாலும் வேலை முடிஞ்சிடும். தமிழ்ல பால் வினையோட வாலில் உட்கார்ந்திருக்கு. 'அவன்' என்ற சொல்லையே எடுத்தாலும் "ஏறிவிட்டான்" காட்டிக் கொடுத்துடும். சரி, "ஏறிவிட்டார்"? அதுல பால் இல்ல, ஆனா மரியாதை இருக்கு. யூகேஜி வாண்டு "ஏறிவிட்டார்"னு திரையில் வந்ததும் எங்க டெஸ்டர் சிரிச்சுட்டாங்க. "குழந்தை ஏறிவிட்டது"? சின்னப் பிள்ளைக்கு அது இயல்பான தமிழ். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் போட்டா சண்டைக்கு வரும்.

பெரியவங்களுக்கும் 'அவர்' முழுசா உதவாது. இலக்கணப்படி அது இருபாலுக்கும் பொது. ஆனா பேச்சுல பெரும்பாலும் ஆணுக்கு 'அவரு', பெண்ணுக்கு 'அவங்க'. அதனால "டாக்டர் வந்தார், அவர் சொன்னார்"னு படிக்கும்போது பலருக்கு மனசுல ஒரு ஆண்தான் நடந்து வர்றார். நான் இப்ப பேச்சு நடையில் எழுதினா 'அவங்க', எழுத்து நடையில் 'டாக்டர்' என்பதையே இன்னொரு தடவை. ஆசிரியர், செவிலியர், ஓட்டுநர் எல்லாம் ஏற்கெனவே பொதுச்சொற்கள். 'ஆசிரியை'யும் 'பெண் ஓட்டுநர்'உம் அந்த விவரம் தேவைப்படுற இடத்துல மட்டும் போதும்.

இன்னொண்ணு. 2014ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. எங்க படிவத்துலயும் மூணாவது கட்டம் இருந்தது: ஆண், பெண், மற்றவை. மற்றவை! அது அஃறிணைப் பன்மை. நாற்காலி, மேசை மற்றும் மற்றவை மாதிரி. மாசக்கணக்கா அந்த வரி என் கண்ணு முன்னாடிதான் இருந்துச்சு.

கடைசியில் "கயல் பஸ்ஸில் ஏறியாச்சு"ன்னு எழுதினேன். ஆன், ஆள், ஆர் எதுவும் இல்ல. எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. பள்ளித் தமிழாசிரியர், பேச்சு வழக்கு வேண்டாம்னுட்டார். (இந்த எபிசோடில் 'ஆர்' வந்தா ஆணா பெண்ணான்னு நீங்க கேட்கக் கூடாது.) அதனால் "கயல் - பஸ்ஸில் ஏறிய நேரம்: காலை 7.42" என்று ஆனது.

அதுக்கப்புறம்தான் ஒண்ணு உறைச்சுது. எங்க ஆப்புல பால் என்ற கட்டத்தை எதுக்கு வச்சிருந்தோம்னு கோடில் தேடினா, ஒரே ஒரு இடம்தான் வந்தது: ஆன், ஆள் ஒட்டுறதுக்கு. அதுக்காக அத்தனை பிள்ளைகளோட விவரத்தையும் வாங்கி வச்சிருந்தோம். அடுத்த ரிலீஸ்ல படிவத்துலேர்ந்து அந்தக் கட்டத்தையே எடுத்துட்டோம், 'மற்றவை'யும் கூடவே போச்சு.

அந்த அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரல. 7.42 மெசேஜ் மட்டும் தினமும் போயிட்டு இருந்தது.