காலி செய்யச் சொல்கிறது அறக்கட்டளை

யாங்கோன் நகர மையத்தில் கோயில், பள்ளிவாசல் பக்கமெல்லாம் கடை வரிசைகள். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள் நிறைய. அப்படியொரு கட்டடம் அறக்கட்டளைக்குச் சொந்தம் என்று வையுங்கள். தர்மகர்த்தாக்கள் ஒருநாள் "இடித்துக் கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள்" என்றால், மூன்று தலைமுறையாக அங்கே கடை வைத்திருப்பவர் என்ன செய்ய முடியும்?

அன்று ரங்கூன் எனப்பட்ட யாங்கோனுக்கு 1920-லேயே வாடகைச் சட்டம் வந்துவிட்டது. இன்றைய நகர்ப்புற வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1960-ல் வந்தது. சென்னை மாநிலமும் அதே ஆண்டில்தான் தன் சட்டத்தை இயற்றியது. சட்டம் பட்டியலிட்ட காரணம் இருந்தால் மட்டுமே காலி செய்யச் சொல்லலாம் என்பதே இத்தகைய சட்டங்களின் சாரம்.

உதாரணத்துக்கு, 2019 வரை அமலில் இருந்த அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் பட்டியலில் இடித்துக் கட்டுவதும் ஒரு காரணமாக இருந்தது. ஆனால் சும்மா சொன்னால் போதவில்லை. உரிமையாளருக்கு உண்மையிலேயே கட்டும் எண்ணம் உண்டா, கையில் பணம் உண்டா, கட்டடத்தின் வயதும் நிலையும் என்ன என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கடை கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்குவேன், மூன்று மாதத்துக்குள் இடித்து முடிப்பேன் என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டியிருந்தது. பழுதுபார்க்க வெளியேறியவர் திரும்பி வர முடிந்தது. இடித்துக் கட்ட வெளியேறியவருக்குப் புதுக் கட்டடத்தில் இடம் தரச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. கடைக்காரர்கள் பலர் கவனிக்காமல் விட்டது இதைத்தான்.

அறக்கட்டளை என்றால் இந்தப் பாதுகாப்பும் இருக்கவில்லை. இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பொது அறக்கட்டளைகளின் கட்டடங்களுக்கு 1976-ல் வெளியான அரசாணை முழு விலக்கு அளித்தது. வாடகைதாரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். வாடகையை உயர்த்த மட்டும் விலக்குக் கொடுங்கள், வெளியேற்றத் தடை இருக்கட்டும் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. காலி செய்ய வைக்க முடியாவிட்டால் நியாயமான வாடகையை எப்படி வாங்குவது என்று கருதிய நீதிமன்றம், கந்தசாமி செட்டியார் வழக்கில் 1984-ல் விலக்கைச் செல்லும் என்றது. சொற்ப வாடகையால் தர்மம் நின்றுபோவது உண்மைதான். ஆனாலும் இடிப்பு விஷயத்திலாவது உறுதிமொழி கேட்டிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விலக்குப் பெற்றவர்களுக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே மிச்சம். மாத வாடகை என்றால் இந்தியாவில் பதினைந்து நாள் நோட்டீஸ், பிறகு சிவில் வழக்கு. மியான்மரும் இதே 1882 சட்டத்தை வைத்திருக்கிறது.

சட்டம் கைவிட்டால் மிஞ்சுவது பேச்சுவார்த்தைதான். அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மும்பை பெண்டி பஜாரைப் பார்க்கலாம். தாவூதி போரா சமூகத்தின் சைஃபி புர்ஹானி அறக்கட்டளை 2009-ல் பதினாறரை ஏக்கரை மொத்தமாக இடித்துக் கட்டக் கிளம்பியது. ஏறக்குறைய 250 கட்டடங்கள், 3,200 குடும்பங்கள், 1,250 கடைகள். வேலை முடியும்வரை மாற்று இடம், பிறகு புதுக் கட்டடத்தில் வாடகை இல்லாத சொந்த இடம் என்பது பேச்சு. எல்லோரும் உடனே கிளம்பிவிடவில்லை. அங்கிருந்த ஹுசைனி கட்டடத்தில் சில குடும்பங்கள் முன்பே வெளியேறின, மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். 2017 ஆகஸ்ட் 31 அன்று அது இடிந்து 33 பேர் இறந்தார்கள்.

ஆகவே நோட்டீஸ் வந்ததும் சண்டைக்கு முன் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். ரசீது யார் பெயரில் இருக்கிறது? தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கடையைப் பிடிக்கப் பகடி என்ற முன்பணம் கொடுத்திருந்தால் அதற்கு எழுத்து உண்டா? திரும்பி வரலாம் என்று தர்மகர்த்தா வாய்மொழியாகச் சொன்னால், எந்தத் தளத்தில், எத்தனை சதுர அடி, என்ன வாடகை, எந்தத் தேதிக்குள், அதுவரை கடை எங்கே என்பதையெல்லாம் எழுதி, அறங்காவலர் குழுவின் தீர்மானத்தோடு வாங்குங்கள். அடுத்த குழு வந்தால் பழைய வாக்கைக் கண்டுகொள்ளாது. சாவி கைமாறுவதற்கு முன்பே இது நடக்க வேண்டும்.