விட்டுப் பிடி!

கூடத்து ஊஞ்சலில் நடுநாயகமாக உட்கார்ந்திருப்பவர்தாம் வீட்டை ஆள்கிறார் என்று வந்த விருந்தாளி நினைத்துக் கொள்ளலாம். ஆனால் சமையலறை வாசற்படியில் நின்றபடியே ஊஞ்சல், ரேழி, வாசல் மூன்றையும் ஒரே பார்வையில் வைத்திருப்பவருக்கல்லவா உண்மை தெரியும்? சதுரங்கத்திலும் இந்த ரகசியம் உண்டு.

"பலகையின் நடுவைச் சிப்பாய்களால் பிடித்துக் கொள்" என்பது பழைய ஆசான்களின் பாடம். "எதிரியே பிடித்துக் கொள்ளட்டும், தூரத்திலிருந்து தாக்கி இடித்துவிடலாம்" என்று 1920-களில் கிளம்பினார்கள் ரேட்டி, நிம்ஸோவிச் முதலியோர். "அதி நவீனம்" என்று அந்தக் கட்சிக்குப் பெயர் வந்தது. கறுப்புக் காய் ஆடுகிறவர்களுக்கு அதனால் கிடைத்த சீதனங்களில் ஒன்றுதான் க்ரூன்ஃபெல்ட் தற்காப்பு. 1922-ல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் இதை ஆடி, பிற்பாடு உலகச் சாம்பியனான அலெகைனையே ஜயித்தார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த "அதி நவீனம்" நம் நாட்டில் முன்பே அரங்கேறியிருந்தது! 1855-ல் கல்கத்தாவில் மகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி, காக்ரேன் என்ற வெள்ளைக்கார வக்கீலுக்கு எதிராக இதே ஆரம்பத்தை ஆடியிருக்கிறார். அக்காலத்து நம்மூர் ஆட்டத்தில் சிப்பாய் முதலிலும் ஒரு கட்டந்தான் நகரும். ஆகவே குதிரைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தி, அந்த இடத்தில் மந்திரியை வைப்பது நம்மவர்களுக்குக் கைவந்த பழக்கம்.

சரி, எப்படி ஆடுவது? வெள்ளை ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறார். நீங்கள் ராஜா பக்கத்துக் குதிரையை வெளியே விடுங்கள். அவர் ராணி பக்கத்து மந்திரியின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினால், நீங்கள் ராஜா பக்கத்துக் குதிரையின் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துங்கள். அவர் ராணி பக்கத்துக் குதிரையை எடுத்ததும் உங்கள் ராணிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுங்கள். அவர் அதை வெட்டினால் குதிரையால் திருப்பி வெட்டுங்கள். அவர் ராஜாச் சிப்பாயைத் தள்ளி அந்தக் குதிரையை விரட்டும்போது, அது அவருடைய குதிரையை வெட்டிவிட்டு மடியட்டும்.

இப்போது நடுவில் அவருடைய இரண்டு சிப்பாய்கள் ஜம்மென்று நிற்கும். பயப்படாதீர்கள்! ராஜா பக்கத்து மந்திரியைக் குதிரைச் சிப்பாய் இருந்த கட்டத்தில் வையுங்கள். அதுதான் உங்கள் சமையலறை வாசற்படி. ராணி பக்கத்து மந்திரிச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, மற்றக் குதிரையையும் சேர்த்து, மூன்றுமாக அவருடைய ராணிச் சிப்பாயைக் குடையுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. விடுவது மட்டும் போதாது, பிடிக்கவும் வேண்டும். சும்மா காத்திருந்தால் அந்த இரண்டு சிப்பாய்களும் முன்னேறி உங்களை மூச்சுத் திணற அடித்துவிடும். சொந்த ராஜாவின் மூலையையும் மறக்கலாகாது. அன்று கல்கத்தாவில் பானர்ஜி மறந்தார். காக்ரேன் ராணியையே பலி கொடுத்து, குதிரையால் ராஜாவை மூலையில் அடைத்துவிட்டார்.

அந்தக் கணக்கு நூற்றோரு வருஷம் கழித்துத் தீர்ந்தது. 1956-ல் நியூயார்க்கில் பாபி ஃபிஷர் என்ற பதின்மூன்று வயதுப் பையன் கறுப்புக் காயுடன் இதே தற்காப்பை ஆடினான். எதிரே டொனால்ட் பைர்ன் என்ற பெரிய ஆட்டக்காரர். இந்தத் தடவை ராணியைத் தூக்கிக் கொடுத்தது கறுப்பு! நாற்பத்தோராவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது, பையனுக்கே வெற்றி.

உங்கள் வீட்டிலும் அண்ணாவோ அத்தானோ வெள்ளைக் காயைத் தாமே எடுத்துக்கொண்டு, "நீ கறுப்பு" என்று தள்ளிவிடுகிறார்களா? கோபித்துக்கொள்ள வேண்டாம். முதல் பத்து ஆட்டங்கள் தோற்றாலும் பாதகமில்லை. ஒவ்வொன்றிலும், "நான் எப்போது தாக்கத் தவறினேன்?" என்று மட்டும் பாருங்கள்.

பதினோராவது ஆட்டத்தில் ஊஞ்சல் ஆடத் தொடங்கும்!