குன்னத்தில் பிடித்த நெடு அலை

மின்சாரம் நின்றுபோனால் மகிழ்ச்சி அடையும் மனிதர்கள் இந்த உலகத்தில் உண்டா? உண்டு. பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்திலே நாமும் நம்முடைய மாணவர்கள் நால்வரும் இருக்கிறோம். ஊரார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திண்ணைக்கு வரும் அதே சமயத்தில் நாம் மொட்டை மாடிக்கு ஓடுவோம். இதைக் கண்ட அடுத்த வீட்டுப் பாட்டியம்மாள் வாத்தியாருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று வருந்தியதாகக் கேள்வி.

விஷயம் இதுதான். திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணம் என்ற ஊரில் நமது கடற்படையின் ரேடியோ நிலையம் ஒன்று இருக்கிறது. 1990-ல் ஏற்பட்டது. பாஞ்சாலங்குறிச்சி வீரனுடைய பெயரைத் தாங்கி, ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று விளங்குவது. கடலுக்கடியில் செல்லும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அங்கிருந்துதான் செய்தி போகிறது. சாதாரண ரேடியோ அலை உப்பு நீரில் இறங்கியதுமே மடிந்துவிடும். மிக மிக நீண்ட அலைதான் சில மீட்டர் ஆழமாவது போகும். ஆகையால் அந்த நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸில் பேசுகிறது. இந்த அலை ஒன்றின் நீளம் சுமார் பதினாறரைக் கிலோமீட்டர். குன்னத்திலிருந்து பெரம்பலூர் போய்ச் சேர்வதற்குள், ஏறக்குறைய ஒரே ஓர் அலைதான்!

இவ்வளவு பெரிய அலையைப் பிடிக்க எவ்வளவு பெரிய கருவி வேண்டுமோ என்று நேயர்கள் மலைக்க வேண்டாம். அனுப்புகிறவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம். அதனால்தான் விஜயநாராயணத்தில் நானூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த கோபுரம் நிற்கிறது. கேட்கிறவனுக்கு ஒரு மரச்சட்டம் போதும். மீட்டர் நீள ரீப்பர் கட்டைகளை ஆணியடித்துச் சதுரமாக்கி, மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய எனாமல் செப்புக் கம்பியை அதில் நூறு சுற்றுச் சுற்றினோம். கம்பியின் இரண்டு முனைகளையும், ஒரு மாணவனுடைய அண்ணனுக்கு முன்பு சர்க்கார் இலவசமாகக் கொடுத்த மடிக்கணினியில் மைக் சொருகும் துவாரத்தில் சேர்த்தோம். ஒலியைப் பதிவு செய்வதற்காக அதனுள் இருக்கும் உறுப்பு 24 கிலோஹெர்ட்ஸ் வரையில் வாங்கிக்கொள்ளும். பாடல் கேட்பதற்கென்று வைத்த காதே கடற்படையின் அலையையும் கேட்கிறது. ஆனால் அதன் சங்கேதம் நமக்குப் புரியாது; புரிந்துகொள்ளவும் நாம் முயலவில்லை. அலையின் பலம் கூடுகிறதா, குறைகிறதா என்பது ஒன்றே நமக்கு வேண்டியது.

முதல் பதினைந்து நாட்களும் திரையில் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. தெருமுனை டிரான்ஸ்பார்மர், வீட்டு விளக்குகள், பம்ப்செட்டுகள் எல்லாம் சேர்ந்து ஓலமிட்டன. சட்டத்தைத் திருப்பினோம், கம்பியை அவிழ்த்து மறுபடி சுற்றினோம். ஒரு மாணவன், "ஐயா, விஜயநாராயணம் உண்மையிலேயே இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டான். அன்று இரவு ஏழரை மணிக்கு ஊர் முழுவதும் மின்சாரம் போயிற்று. மடிக்கணினி மட்டும் தன் பாட்டரியில் விழித்திருந்தது. திரையிலிருந்த மூட்டம் கலைந்தது. பதினெட்டுக்குச் சற்று மேலே, நேர்கோடாக, ஒரு வெள்ளைக் கம்பி! சுமார் 350 கிலோமீட்டர் கடந்து வந்த அலை. பையன்கள் போட்ட கூச்சலில் கீழே ஏதோ விபத்தென்று நினைத்து ஆட்கள் ஓடிவந்தார்கள்.

அந்த இருட்டில் வேறொன்றும் கேட்டது. ஒலிபெருக்கியில் சடசடவென்ற சத்தம். நடுநடுவே சொட்டுச் சொட்டாக, வீணைத் தந்தியைத் தட்டிவிட்டதுபோல ஓர் இனிய நாதம். எங்கோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இடிக்கும் மின்னல், பூமிக்கும் வானத்து மின் அடுக்குக்கும் இடையில் மோதி மோதி வருவதனால் உண்டாகும் ஒலி அது.

அந்த மின் அடுக்குத்தான் இந்த வேலை முழுவதற்கும் உயிர். பகலில் சூரியன் அதைச் சுமார் எழுபது கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்குகிறான். இரவில் அது மேலே போய்விடுகிறது. சூரியனில் வெடிப்பு ஏற்பட்டால் அலையின் பலம் திடீரென்று மாறி, மெள்ளப் பழைய நிலைக்குத் திரும்பும். 2009 ஜூலை 22-ஆம் தேதி பூரண சூரிய கிரகணத்தின்போது கல்கத்தா விஞ்ஞானிகள் இதே விஜயநாராயண அலையைப் பல இடங்களில் அளந்து ஆராய்ந்தார்கள்.

இரைச்சல் குறைந்த மூலைக்குச் சட்டத்தை மாற்றிய பிறகு, பகலிலும் கோடு மங்கலாகத் தெரிந்தது. நம் பையன்களும் சூரிய வெடிப்பைப் பிடிக்கக் காத்திருந்தார்கள். ஒரு நண்பகலில் கோடு துள்ளியது. ஆனந்தம்! விசாரித்ததில் பக்கத்துக் கொல்லையில் மோட்டார் போட்டிருந்தார்கள். மறுபடி ஒரு துள்ளல், அதுவும் மோட்டார்தான். மாணவன் ஒருவன் வெட்கத்துடன் நோட்டில் 'பம்ப்செட்' என்று எழுதினான். பள்ளிக்கூடப் பரிசோதனை நோட்டில் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தக்கபடி அளவுகளைக் கற்பிப்பது நம் பிள்ளைகளுக்குப் பழக்கம். இருபது வருஷமாக அந்த நோட்டுகளைத் திருத்தி வருகிறோம். தவறான விடை மெய்யாக எழுதப்பட்டதை அன்றுதான் கண்டோம். மூன்றாவது துள்ளல், அமெரிக்கச் செயற்கைக்கோள் வெளியிட்ட பதிவோடு நிமிஷம் தவறாமல் பொருந்திற்று.

கேட்பது இருக்க, அனுப்பவும் ஆசை வருமல்லவா? பொழுதுபோக்காக ரேடியோ பரிசோதனை செய்வோரை, உபயோகமற்றதென்று நினைத்த சிற்றலைகளுக்குத் தள்ளிவிட்டு, நெடு அலைகளை ஒரு காலத்தில் சர்க்கார்கள் தமக்கே வைத்துக்கொண்டன. அந்தச் சிற்றலையிலேயே 1923-ல் அவர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பேசி உலகத்தைத் திகைக்க வைத்தார்கள். காலம் திரும்பிற்று. 2007-ல் ஜெனிவாவில் கூடிய உலக ரேடியோ மகாநாடு, 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள சிறு துண்டை, ஒரு வாட்டுக்கு மேல் வெளியே வீசக் கூடாதென்ற நிபந்தனையுடன், இவர்களுக்கு ஒதுக்கியது. டார்ச் விளக்கின் சின்னப் பல்பு அவ்வளவுதான் எரியும். ஆகவே மோர்ஸ் தந்தியின் ஒரு புள்ளிக்கே பல விநாடி எடுத்துக்கொண்டு, ஆமை வேகத்தில் அனுப்புகிறார்கள். மறுமுனையில் காதால் அல்ல, திரையில் கோடாகப் பார்த்துப் படிக்கிறார்கள்.

நம் நாட்டில் இத்தகைய ஆசை புதிதல்ல. ஸி. வி. கிருஷ்ணஸ்வாமி செட்டியார் 1924 மே 16-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கி, ஜூலை 31-ல் ஒலிபரப்பையும் ஆரம்பித்தார். நாற்பது வாட் யந்திரம்; பிறகு இருநூறு. பணமில்லாமல் 1927-ல் கிளப் நின்றது. யந்திரம் சென்னை நகரசபைக்குப் போய், 1930 ஏப்ரல் முதல் மறுபடி பேசியது. அந்த யந்திரம் நகரத்தில் பிழைத்துக்கொண்டது. கிராமத்தில் நின்றுபோயிருந்தால் எடைக்குத்தான் போயிருக்கும்.

அனுப்புவதற்கு லைசென்ஸ் அவசியம். பன்னிரண்டு வயது நிறைந்தவர் பரீட்சை எழுதலாம். விஜயநாராயணம் இருக்கிறதா என்று கேட்ட பையன் மோர்ஸ் பழகிக்கொண்டிருக்கிறான். வகுப்பில் மேஜையைத் தட்டுகிறான் என்று தமிழாசிரியர் புகார் சொல்கிறார். இதனிடையே சட்டத்தைக் கம்பங்களுக்கு எட்டாத ஒரு மக்காச்சோளக் கொல்லைக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்திருக்கிறோம். கொல்லைக்காரர் சம்மதித்துவிட்டார். கதிர் முற்றும்போது கிளிகளை விரட்ட அதன்மேல் ஒரு பழைய சட்டையை மாட்டிக்கொள்வாராம்.